மினுக்குப் பொட்டு

மனிதர்களின் காதுகள் மீது பொட்டுக்காரிக்கு இருந்த மரியாதை போய்ப் பல வருடங்களாகின்றன.

முகத்தைப் பார்த்தால் பவுடரும் சென்ட்டுமாக இருப்பார்கள். ஆள் கடைக்குள் நுழைவதற்கு முன்னால் வாசனை நுழையும். அவர்கள் நீட்டுகிற போனைத் திறந்தால் காது வைக்கிற சல்லடையில் மஞ்சள் மெழுகு அப்பியிருக்கும். சார்ஜர் சொருகும் வாயில் பையின் அடியில் கிடக்கிற பஞ்சு, பிஸ்கட் தூள், என்னவென்று கேட்கக்கூடாத ஏதோ ஒன்று. பின்மூடிக்கு உள்ளே, கதகதப்புக்குக் குடிவந்த பூச்சியின் முட்டைகள். ஒருமுறை கோட்டு போட்ட ஒரு பெரிய மனுஷரின் போனுக்குள் வெட்டிய நகத்துண்டு ஒன்று பிறை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இது எப்படிம்மா உள்ள போச்சு?" என்று அவரே கேட்டார்.

"உங்க நகம் சார். என்னைக் கேட்டா?"

அவள் கையுறை போட்டுக்கொள்வாள், முகக்கவசம் கட்டிக்கொள்வாள். ஸ்பிரிட்டில் பல் துலக்கும் பிரஷ்ஷை முக்கி, ஊரார் அழுக்கை நுனியிலிருந்து அடிவரை தேய்த்து எடுத்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவாள். முப்பதைத் தாண்டியும் அவளுக்குக் கல்யாணம் ஆகாததற்கு அவளுடைய அக்கா ஒரு காரணம் சொல்வாள். "இவ மாப்பிள்ளையையே ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுத்தான் பார்ப்பா. யார் வருவான்?"

கடை அத்தானுடையது, அதாவது அக்காவின் புருஷனுடையது. முன்பக்கம் கண்ணாடி மேசை. அதன் பின்னால் அத்தான் உட்கார்ந்து போன் உறை, திரையில் ஒட்டுகிற கண்ணாடி, பழைய போன்கள் எல்லாம் விற்பார். நடுவில் ஒரு திரைச்சீலை. திரைச்சீலைக்குப் பின்னால் பொட்டுக்காரியின் மேசையும் விளக்கும். அவள் முதுகுப்பக்கம் ஒரு கதவு. அது நேராக அக்காவின் சமையலறைக்குள் திறக்கும். வீடும் கடையும் ஒன்று என்பதால், காலையிலிருந்து இரவு வரை அக்கா போனில் பார்க்கிற நாடகங்களின் அழுகை அவள் பிடரியில் விழுந்துகொண்டே இருக்கும்.

பொட்டுக்காரி என்ற பெயர் வேலையால் வந்தது. ஒரு போனில் பேட்டரியோ ஸ்பீக்கரோ கேமராவோ எதை மாற்றிப் போட்டாலும், அதன் ஓரத்தில் அடர்சிவப்பு நகச்சாயத்தால் குண்டூசித் தலையளவு ஒரு பொட்டு வைப்பாள். அந்தப் போன் மறுபடி வந்தால், உள்ளே இருப்பது தான் வைத்ததுதானா என்று பார்த்ததும் தெரிந்துவிடும். மற்ற கடைகளில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சூட்டில் ஸ்டிக்கர் உரிந்து போகும், நகச்சாயம் போகாது. அந்தக் குப்பியை அவள் எப்போதும் தன் கைப்பையிலேயே வைத்திருப்பாள். ஒரு நாளும் அதைத் தன் நகத்தில் பூசியதில்லை. பூசினாலும் ஸ்பிரிட் தின்றுவிடும்.

அவளுக்கு மற்ற எல்லாப் போன்களையும்விடப் பெரிய தலைவலி ஏலக்காரருடைய போன்.

ஏலக்காரர் மீன் சந்தையில் ஏலம் விடுகிறவர். ஒரு காலத்தில் அவர் குரல் ஐஸ் லாரியின் இன்ஜின் சத்தத்தையும் அடக்கும். தொண்டையில் வந்த நோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஒரு துணி, அதன் வழியாக மூச்சு. அறுவை சிகிச்சைக்கு முன்னால், மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண் அவர் போனில் ஒரு ஆப் ஏற்றிக்கொடுத்தாள். வேண்டிய வார்த்தைகளை எல்லாம் சொந்தக் குரலில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பொத்தானைத் தொட்டால் போன் பேசும், வார்த்தைகளைக் கோத்தும் பேசும்.

ஏலக்காரர் ஒரு வாரம் உட்கார்ந்து பதிந்தார். எண்கள், மீன் பெயர்கள், 'இங்க வை', 'அந்தப் பக்கம் போ', 'நாறிப்போச்சு', 'ஐஸ் போடு', 'பொய்', 'எடுத்துக்கோ'. கெட்ட வார்த்தைகளை மட்டும் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்றுவிடாமல் பதிந்தார். 'நன்றி'யும் 'மன்னிச்சுக்கோ'வும் பதியுங்கள் என்று அந்தப் பெண் சொன்னபோது, "அது எதுக்கும்மா? நான் யாருக்குச் சொல்லப்போறேன்?" என்று கேட்டாராம்.

பிறகு அந்த ஆப்பைச் செய்த நிறுவனம் இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டது. அதை இனி வேறு போனில் ஏற்ற முடியாது, பதிந்ததை வெளியே எடுக்கவும் வழியில்லை. பொட்டுக்காரி தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் முட்டிப் பார்த்துவிட்டாள். குரல் அந்தப் பழைய போனின் மூளையான போர்டுக்குள் இருக்கிறது. போர்டு செத்தால் குரலும் செத்தது. ஆகவே போர்டை மட்டும் விட்டுவிட்டு, அதைச் சுற்றி இருக்கிற எல்லாவற்றையும் அவள் மாற்றிக்கொண்டே வந்தாள். திரை இரண்டு முறை, சார்ஜ் ஏறுகிற வாய் ஒரு முறை, பொத்தான்கள், பின்மூடி. அதற்கென்றே அதே மாடல் செத்த போன்களைத் தேடித் தேடி வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

அந்தப் போனைத் தொடுவதென்றால் அவளுக்குக் குமட்டும். மீன் செதில் ஒட்டியிருக்கும். உப்பு நீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். துளையிலிருந்து வருகிற சளியைத் துடைத்த கையாலேயே பொத்தானை அழுத்துகிறவர் அவர். அவர் வந்து போனால் கடையில் அரை நாள் வீச்சம் நிற்கும். அத்தான் ஊதுபத்தி ஏற்றுவார்.

அன்று அவர் வந்தபோது போனின் முதுகு வாய் பிளந்திருந்தது. திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, போனை அவள் மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

"நாறிப்போச்சு," என்றது போன். தகரத்தில் மணலைக் கொட்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு. அந்தக் கரகரப்புக்கு அடியில் எங்கேயோ அவருடைய குரல்.

"என்ன ஆச்சு ஐயா? மூணு மாசம்கூட ஆகலையே."

அவர் பொத்தான்களைத் தேடித் தேடி அழுத்தினார். "ஏலம். பாதி. நின்னுபோச்சு. சிரிக்கிறானுங்க." பிறகு சந்தைக்காரர்கள் தன்னைத் தவளை என்று கேலி செய்வதைத் தானே நடித்துக் காட்டினார். கன்னத்தை உப்பிக்கொண்டு, தவளை மாதிரி கண்ணை உருட்டி. சிரிப்பு வருகிற நடிப்புதான். அவர் சிரிக்கவில்லை.

"போன தடவை பேட்டரியும் ஸ்பீக்கரும் சேர்த்துப் போட்டேனே. ரெண்டும் நல்ல சரக்கு. இப்படி ஆகவே கூடாது ஐயா."

"பொய்," என்றது போன்.

அது மீன்காரர்களுக்காகப் பதிந்த 'பொய்'. எடையில் ஏமாற்றுகிறவனைப் பார்த்துச் சொல்வது. அவளுக்குக் காது மடல் சுட்டது.

"திறந்து பார்த்துட்டுப் பேசுங்க," என்று கையுறையை மாட்டிக்கொண்டாள்.

சூடுகாட்டிப் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விளிம்பில் விட்டாள். மூடி கழன்றதும் முகக்கவசத்தைத் தாண்டி ஒரு நாற்றம் வந்தது. அழுகிய பழத்தைச் சர்க்கரைப் பாகில் போட்ட மாதிரி தித்திப்பான நாற்றம். பேட்டரி, தண்ணீரில் கிடந்த பிணத்தின் வயிறுபோல உப்பி, பக்கத்திலிருந்த போர்டை நெருக்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் போர்டு வளைந்து விரிசல் விட்டிருக்கும். விட்டுவிட்டதோ என்னவோ, அதுவும் தெரியாது.

பேட்டரியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு.

அவள் அதை உற்றுப் பார்த்தாள். தன் பொட்டு. தான் போட்ட சரக்கு. எங்கே தவறினேன்? விளக்கை இழுத்துக் கிட்டே கொண்டுவந்தாள். வெளிச்சம் பட்டதும் பொட்டு மினுமினுத்தது.

அவளுடைய நகச்சாயத்தில் மினுக்கு கிடையாது.

கீழே ஸ்பீக்கரைப் பார்த்தாள். சல்லடை கிழிந்த, யாரோ தூக்கிப் போட்ட ஸ்பீக்கர். அதன் மேலும் அழகாக, வட்டமாக, மினுக்கிக்கொண்டு ஒரு பொட்டு. அத்தானின் தடித்த விரலுக்கு இவ்வளவு சின்ன வட்டம் வராது. அவர் பொட்டு வைத்தால் தோசைக்கல்லில் மாவு ஊற்றின மாதிரி இருக்கும்.

அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் ஒரு நாடகக் கதாநாயகி, "என்னை ஏமாத்திட்டீங்களே!" என்று கதறினாள். கணீரென்று, துளி கரகரப்பில்லாமல், பாத்திரம் அதிர.

பொட்டுக்காரி சமையலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்காவின் போனும் அதே மாடல்தான். டப்பாவிலிருந்த செத்த போன்களில் ஒன்றுக்கு அவளே உயிர் கொடுத்து அக்காவிடம் தந்தது. சத்தம் கேட்கவே மாட்டேன் என்கிறது என்று அக்கா நெடுநாள் புலம்பினாள். "டப்பால நல்ல ஸ்பீக்கர் வச்சிருக்கியே, அதப் போடேன்டி" என்றாள். அது ஏலக்காரருக்கு வைத்திருப்பது, அவருக்கு அது வாய், உனக்குப் பொழுதுபோக்குதானே என்று இவள் சொல்லிவிட்டாள். அக்கா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அக்காவின் போன் திடீரென்று நன்றாகக் கேட்க ஆரம்பித்தது. "துடைச்சேன், சரியாயிடுச்சு," என்றாள் அக்கா. துடைப்பதில் நம்பிக்கை உள்ளவள் இவள். நம்பிவிட்டாள்.

அது, இவள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு மாடி அறையில் படுத்திருந்த நாளுக்கு அடுத்த நாள். இவள் படுத்திருந்த அன்றுதான் ஏலக்காரர் திரைக்குக் கண்ணாடி ஒட்ட வந்துவிட்டுப் போனதாக அத்தான் சொல்லியிருந்தார்.

இத்தனை நாளாக இந்த மனிதரின் வாய் தன் முதுகுக்குப் பின்னால் நாடகம் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே இவள் சோறு தின்றிருக்கிறாள். முகக்கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அத்தான், இங்க வாங்க."

அத்தான் திரைச்சீலையை விலக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, சென்ட்டு வாசனை.

"இந்தப் போனைத் திறந்தீங்களா?"

"கண்ணாடி ஒட்டினேன். அவ்வளவுதான்."

"கண்ணாடி ஒட்டறதுக்கு எதுக்கு பேட்டரிய எடுக்கணும்?"

அத்தான் ஏலக்காரரைப் பார்த்தார். போன் திறந்து கிடக்கிறது, இந்த ஆளால் இப்போது ஒரு வார்த்தையும் பேச முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. குரல் கொஞ்சம் தைரியமானது.

"சரி, மாத்தினேன். என்ன இப்போ? எல்லாக் கடைலயும் செய்யறதுதான். வேலை செய்யற பேட்டரிதானே போட்டேன்? இவரு எப்பவும் கத்திக்கிட்டே இருக்கற ஆளு. சத்தம் கொஞ்சம் குறைஞ்சா ஊருக்கே நல்லது."

ஏலக்காரர் மேசையை ஓங்கி அறைந்தார். ஸ்க்ரூக்கள் துள்ளின. அவர் வாய் திறந்து திறந்து மூடியது. கழுத்துத் துணி மேலும் கீழும் அடித்துக்கொண்டது. ஒரு சத்தமும் வரவில்லை, சீறுகிற மூச்சைத் தவிர. கதவைச் சாத்திக்கொண்டு பதிந்த அத்தனை வார்த்தையும் அந்த மேசைமேல் திறந்து கிடந்த போர்டுக்குள் இருந்தன.

பொட்டுக்காரி சமையலறைக்குள் போனாள். அக்கா தேய்த்துக் கழுவிய அடுப்பின் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, பிரம்பு மோடாவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விரல் நகங்களில் சிவப்பு மினுக்கு.

"அந்தப் போனைக் கொடு அக்கா."

"எதுக்கு?"

"அதுல இருக்கறது உன்னுது இல்ல."

அக்கா போனை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். மறுக்கவில்லை. அதுதான் இவளுக்கு இன்னும் குமட்டியது.

"ஊரான் வாய்க்கு நல்ல ஸ்பீக்கரு, கூடப் பொறந்தவளுக்குக் கரகரன்னு ஒண்ணு. நல்லா இருக்குடி உன் நியாயம்! இவ்வளவு வருஷம் சோறு போட்டேனே, எனக்குன்னு என்ன செஞ்ச?"

"பொட்டு வச்சது நீதானே?"

"ஆமா வச்சேன். நீ திறந்து பார்த்தா மனசு கஷ்டப்படுவியேன்னு வச்சேன். உன் குப்பி உன் பைல இருந்துச்சு. சிவப்புன்னா எல்லாம் சிவப்புதானே?"

"மனசு கஷ்டப்படுவேன்னா வச்ச?"

"பின்ன? ஒரு பொட்டுக்கு இவ்வளவு பேச்சா? அந்த ஆளைப் பாரு, அவன் போனைப் பாரு. தொடவே கூசுது. அதுல போய் நல்ல பொருளை வைக்கிற நீ!"

ஏலக்காரர் இவள் பின்னாலேயே வந்துவிட்டிருந்தார். சமையலறை வாசலில் நின்று, சந்தையில் கூடையை வாங்க நீட்டுவது மாதிரி உள்ளங்கையை விரித்து நீட்டினார். விரல் இடுக்கில் செதில் மின்னியது. ஓரடி எடுத்து வைத்தார். இன்னொரு அடி.

"கிட்ட வராதீங்க! கிட்ட வராதீங்கன்னு சொல்றேன்ல!" அக்கா மோடாவோடு சுவர்வரை நகர்ந்தாள். அந்தக் கை தன் சேலையில் பட்டுவிடுமோ என்ற அருவருப்பில் போனை அவர் பக்கம் விட்டெறிந்தாள். அது வெங்காயச் சருகில் விழுந்து, அங்கே கிடந்தபடியே அழுதுகொண்டிருந்தது. பொட்டுக்காரி எடுத்து நாடகத்தை நிறுத்தினாள்.

திறந்தாள். உள்ளே அவளுடைய அடர்சிவப்புப் பொட்டுகள் இரண்டும் பத்திரமாக இருந்தன. அழிக்கக்கூட இவர்களுக்குத் தோன்றவில்லை. அக்காவின் போனை வேறு யார் திறக்கப் போகிறார்கள் என்ற தெம்பு.

உப்பிய பேட்டரியைக் கிழிக்காமல் எடுப்பதுதான் வேலை. கிழிந்தால் தீப்பிடிக்கும், போர்டும் போகும். ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பசை இளக இளக, பிளாஸ்டிக் தகட்டை மயிரளவு மயிரளவாக உள்ளே தள்ளினாள். ஏலக்காரர் பக்கத்திலேயே நின்றார். அவருடைய ஈர மூச்சு இவள் முழங்கையில் பட்டது. கையுறைக்கு மேலே வெறும் தோல். விலகச் சொன்னால் கை அசைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பிடுங்கின பல்லுக்குப் பக்கத்துப் பல் வலித்தது.

பேட்டரி கழன்று வந்தது. மணல் வாளிக்குள் போட்டாள். போர்டின் ஓரம் லேசாக வளைந்திருந்தது. துடைத்து, நல்ல பேட்டரியை வைத்து, ஸ்பீக்கரைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினாள்.

கறுப்புத் திரை.

மறுபடி அழுத்தினாள். கறுப்பு.

அத்தான் கண்ணாடி மேசையிலிருந்து, "அது போயிடுச்சு. வேற போன் ஒண்ணு குறைச்சுத் தர்றேன்னு சொல்லு," என்றார்.

பொட்டுக்காரி விளக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். பேட்டரி இணைப்பைக் கழற்றிப் பார்த்தாள். போர்டின் அந்தச் சின்ன வாய்க்குள், கண்ணுக்கே தெரியாத அளவில், பளபளவென்று ஒரு துகள். செதில் என்றுதான் நினைத்தாள். ட்வீசர் நுனியில் எடுத்து விளக்கில் காட்டினால், சிவப்பு மினுக்கு. காயாத நகச்சாயத்தோடு கண்ட இடத்தில் கை வைத்திருக்கிறார்கள், பேட்டரியைக் கழற்றும்போது அது உதிர்ந்து உள்ளே விழுந்திருக்கிறது. பிரஷ்ஷால் தேய்த்தாள், ஸ்பிரிட் விட்டாள், ஊதினாள், மறுபடி மாட்டினாள்.

போன் ஒரு தடவை அதிர்ந்தது. வெளிச்சம் வந்தது. நெடுநேரம் அதே வெளிச்சத்தில் நின்றது. ஏலக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பொத்தான்கள் வரிசையாக வந்து நின்றன.

அவர் போனை எடுத்தார். திரைச்சீலையை விலக்கி, கண்ணாடி மேசைக்கு முன்னால் போய், அத்தானின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அழுத்த ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். ஐஸ் லாரியை அடக்கிய குரல் கடையை நிறைத்துத் தெருவுக்குப் போனது. எதிர்க்கடை தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கண்ணாடி வாங்க நின்ற இரண்டு பெண்கள் வந்த வழியே போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பதிந்ததில் பாதிகூட முடியாத நிலையில் அத்தான் ஷட்டரை இழுக்க எழுந்தார்.

பொட்டுக்காரி அதற்குள் விளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தாள். சூடுகாட்டும் பலகை, ட்வீசர், ஸ்பிரிட் பாட்டில், செத்த போன்களின் டப்பா எல்லாம் ஒரு பையில்.

"எங்கடி போவ?" என்றாள் அக்கா, கதவோரத்திலிருந்து. "உன்னை மாதிரி நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவறவளை யாரு வச்சுக்குவா?"

"தெரியல. ஆனா இங்க கழுவிக் கழுவி கை தேஞ்சுபோச்சு அக்கா."

எங்கே போவதென்று நிஜமாகவே தெரியவில்லை. தெருவில் இறங்கி நின்றபோது ஏலக்காரர் அவள் பையை வாங்கிக்கொண்டார். கேட்காமலே, செதில் கையோடு. அவர் முன்னால் நடக்க, பையின் கைப்பிடியில் ஒட்டியதைப் பார்த்துக்கொண்டே இவள் பின்னால் போனாள்.

மீன் சந்தையில் அவர் ஏலம் விடுகிற மேடைக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டிகள் அடுக்கிய ஒரு மூலை. அங்கே மின்சார இணைப்பு உண்டு, மேலே தகரம் உண்டு. தரையில் கறுத்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. குடல்களின் மேல் ஈக்கள் பாய் விரித்திருந்தன. அவள் புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஏலக்காரர் ஒரு பெட்டியைக் காலால் தள்ளி, போனை அழுத்தினார். "இங்க வை." கூடைக்காரர்களுக்குப் பதிந்தது. கணீரென்று இருந்தது.

"இங்கேயா? ஐயா, இங்க மூச்சே விட முடியலை."

"ஐஸ் போடு," என்றது போன். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. இருப்பதில் அதுதான் ஆறுதலுக்குக் கிட்டே வருகிற வார்த்தை போலும்.

அவள் மூக்கின் இரண்டு துளையிலும் பஞ்சை வைத்துக்கொண்டு, பெட்டியின் மேல் ஸ்பிரிட்டை ஊற்றினாள். முன்னும் பின்னும், மூலை முடுக்கெல்லாம், மரம் வெளுக்கும்வரை தேய்த்தாள். அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து, விளக்கை மாட்டினாள்.

ஏலக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் விரல் பொத்தான்களின் மேல் எதையோ தேடியது. மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே. தேடுகிற வார்த்தை அங்கே இல்லை. கடைசியில் குனிந்து, ஐஸுக்குள்ளிருந்து ஒரு பெரிய மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, நீர் சொட்டச் சொட்ட அந்த வெள்ளைத் துணியின் நடுவில் வைத்தார்.

"எடுத்துக்கோ," என்றது போன்.

மீன் வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தது. துணியில் சிவப்பாக ஒரு ஈரம் பரவியது.

பொட்டுக்காரி பஞ்சை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டாள். கையுறையை மாட்டினாள்.